பஃபிங் மெஷினைக் கையில் எடுக்கும் முன்

மதுரை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரிலேயே கார்களைக் கழுவி, பாலிஷ் போட்டுப் புதுசாக்கும் கார் டீட்டெயிலிங் கடை வைக்கப்போவதாக நீ போனில் சொன்னபோது நான் அதிகம் பேசவில்லை என்று அம்மாவுக்கு வருத்தம். முப்பது ஆண்டுகள் பெயின்டிங் பட்டறையில் நின்றவனுக்கு இதை இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க இயலவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பாலிஷ் பற்றியே பேசுகிறாய். எனக்குப் பயம் அதில்தான். நான் தொழில் கற்றபோது வந்த அம்பாசடர்களிலும் பத்மினிகளிலும் நிறத்துக்கு மேல் தனிப்பூச்சு கிடையாது. காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைப் போட்டுத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறமே ஒட்டும், அதைக் கண்டு யாரும் பதறமாட்டோம். இன்றைய கார்களில் நிறத்தைக் காக்கும் நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது. மெஷினால் பாலிஷ் போடும் ஒவ்வொரு பஃபிங்கிலும் அதில் கொஞ்சம் தேயும், தேய்ந்தது திரும்பாது. மெஷினில் சுழலும் பேடில் வண்டியின் நிறம் தெரிந்தால் அந்த இடத்தில் கிளியர் கோட் முடிந்துவிட்டது என்று பொருள்.

இதை நான் ஒரு கறுப்புக் காரில் கற்றேன். பழைய கைப்பழக்கத்தில் பானட்டின் விளிம்பு மடிப்பில் மெஷினைச் சற்று அதிக நேரம் நிறுத்திவிட்டேன். வெள்ளையாக இருந்த பேடில் கறுப்பு ஏறியது, துடைத்துப் பார்த்தால் கட்டை விரல் அகலத்துக்குச் நிறத்துக்கு அடியில் பூசும் சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. பானட் முழுவதையும் என் செலவில் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். விளிம்புகளில் பெயின்ட் எப்போதும் மெல்லியது. அங்கே டேப் ஒட்டாமல் மெஷினை வைக்காதே.

ஆகவே, முதலில் வாங்க வேண்டியது பெயின்டின் கனத்தை அளக்கும் மீட்டர். கம்பெனி பெயின்ட் என்றால் மொத்தம் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒரு கதவில் மட்டும் 250, 300 என்று வந்தால் அங்கே மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அந்த அளவை வண்டிக்காரர் முன்னாலேயே எழுதிக்கொள். மேலோட்டமான கீறலுக்கு மெல்லிய பாலிஷ் போதுமென்றால் அதையே சொல். மூன்று கட்ட வேலை என்று பில்லை ஏற்றாதே. பெயின்டின் மேல் பூசும் செராமிக் கோட்டிங், ரோட்டில் தெறிக்கும் கல்லடியைத் தாங்கும் என்றும் வாக்குக் கொடுக்காதே, அது தாங்காது.

இடம் பார்க்கும்போது தண்ணீரையும் பார். சிறுவாணித் தண்ணீர் குடிப்பதற்கு உள்ளது, கார் கழுவ அல்ல. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகமென்றால், வெயிலில் காய்ந்தவுடன் கறுப்பு வண்டியில் வெள்ளைப் புள்ளிகள் அப்படியே நிற்கும். மேலே நிழல், கழுவியவுடன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தல், இவ்விரண்டையும் விட்டுக்கொடுக்காதே. கீழே விழுந்த துணி மறுபடி பெயின்டைத் தொடக்கூடாது.

சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, இடைத்தரகரிடம் பணம் கொடுத்துவிடாதே. மீட்டருக்கான பணத்தை நான் அனுப்புகிறேன். முதல் வண்டி வரும் தேதியைச் சொல். முந்தின நாள் இரவே பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா