பீட்டிலை விற்று ஜிம்னி வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைக் கொடுத்துவிட்டு சுஸுகி ஜிம்னி எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். தாராளமாக எடு. நீ சொன்ன காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை. ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் மழையில் பயமே இல்லையாமே! நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி சேற்றிலிருந்து ஏறி வரும். பிரேக் அடிக்கும்போது அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஜிம்னியில் இருப்பது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ், அதாவது வேண்டும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கும் மாற்றிக்கொள்வது. முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடும். ஃபோர் ஹையில், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் நிலையில், போட்டுவிட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால், வண்டி நகராமல் முரண்டு பிடிக்கும், டயர் கீச்சிடும். அப்படியே ஓட்டினால், என்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். ஆகவே பெரும்பாலும் டூ வீல் டிரைவில்தான் ஓட்டப்போகிறாய். அப்போது அதுவும் பீட்டில் மாதிரி பின்சக்கரம் இழுக்கும் வண்டிதான்.

பீட்டிலையும் அவ்வளவு இளக்காரமாகப் பார்க்காதே. என்ஜின் பின்னால் இருப்பதால் இழுக்கும் சக்கரத்தின் மேலேயே எடை விழுகிறது. ஈர மண்ணில் அது ஏறுவதை நீயே பார்த்திருக்கிறாய். காற்றிலேயே குளிரும் என்ஜின், ரேடியேட்டர் தொல்லை இல்லை. கியர்பாக்ஸோடு பிடித்திருக்கும் நாலு போல்ட்டைக் கழற்றி, ஜாக்கி வைத்து இறக்கிவிடலாம். 1938 முதல் 2003 வரை 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் தயாரான கார், பாகங்களுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் உன்னுடையது ஸ்விங் ஆக்சில் மாடல், பின்சக்கரம் ஆக்சிலோடு சேர்ந்தே மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாக நுழைந்து, பயந்துபோய் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்சக்கரம் உள்ளே மடங்கி வால் வெளியே வீசிவிடும். பிரேக்கோ நாலும் டிரம். நீ பார்த்து வைத்திருக்கும் ஜிம்னியில் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், வண்டி வழுக்கித் திரும்பாமல் பிடிக்கும் ஈஎஸ்பி, ஏர்பேக் எல்லாம் உண்டு. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மழையில் போகிறவனுக்கு அந்த மூன்றும்தான் காரணம், கியருக்குப் பக்கத்திலிருக்கும், ஃபோர் வீல் டிரைவ் போடுகிற அந்தக் குட்டி லிவர் அல்ல. டயர் தேய்ந்திருந்தால் இவையும் கைகொடுக்காது, அதையும் கவனி.

பீட்டிலை வாங்குகிறவரிடம் ஒன்று மறக்காமல் சொல்: கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுவது ஸ்டெப்னி டயரின் காற்றில்தான். அதில் காற்று குறைந்தால் வாஷர் வேலை செய்யாது. தெரியாமல் மோட்டாரைத் தேடி டேஷ்போர்டைப் பிரித்துவிடப் போகிறார்.

அன்புடன்,
அண்ணன்