நத்தார்ச் சந்தை முடிந்த பிறகு எங்களை அனுப்பி வைத்தது பற்றிய புகார்

கல்லடி, மட்டக்களப்பு.
20.01.2025

முகாமையாளர் அவர்களுக்கு,

கடந்த டிசம்பர் 27 முதல் ஜனவரி 5 வரை உங்கள் நிறுவனத்தின் ‘குளிர்கால ஐரோப்பா, சிக்கனப் பயணம்’ திட்டத்தில் நானும் என் கணவரும் போய் வந்தோம். இருவருக்கும் சேர்த்து 1,250,000 ரூபா கட்டினோம். அந்தப் பயணத்தில் எங்களுக்குச் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. அதற்கு உங்களிடமிருந்து எழுத்தில் பதில் வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்துப் போன வருடம் ஓய்வு பெற்றவர். நான் வீட்டிலிருந்து தையல் செய்கிறேன். ஆறு வருடம் சீட்டுப் பிடித்தும், பள்ளிக்கூட யூனிபோர்ம் தைத்த காசை ஒதுக்கியும் சேர்த்த பணம் இது. முப்பதாவது கல்யாண நாளுக்கு ஒரு தரமாவது வெளிநாடு பார்த்துவிட வேண்டும் என்பது இவருடைய ஆசை. கோடையில் விலை எங்களுக்கு எட்டாது என்பதால்தான் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தோம். குளிரைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. பாரிஸில் ஐந்தாம் மாடி, லிப்ட் இல்லை, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். அதற்கும் முறைப்பாடு இல்லை. கொடுத்த காசுக்கு அதுதான் கிடைக்கும் என்று தெரிந்துதான் போனோம்.

நாங்கள் கேட்டது இரண்டே விடயம். ஜேர்மனியில் கொலோன் நகரில் பேராலயமும் அதன் முன்னால் நடக்கும் நத்தார்ச் சந்தையும் பார்க்க வேண்டும். ஜெனீவாவில் இவருடைய அக்காவைச் சந்திக்க வேண்டும். மச்சாளை நாங்கள் நேரில் பார்த்துப் பதினெட்டு வருடம். மற்றதெல்லாம் உங்கள் திட்டத்தில் இருந்தபடியே இருக்கட்டும் என்று சொன்னோம்.

செப்டம்பர் மாதம் உங்கள் அலுவலகத்தில் நாங்கள் தெளிவாகச் சொன்னது இது: நத்தார் அன்று பிள்ளைகளோடு பூசைக்குப் போக வேண்டும். 26ஆம் திகதி சுனாமி நினைவு நாள். 2004இல் இந்தக் கரையில் இருந்த எந்த வீட்டையும் கேட்டுப் பாருங்கள், அன்று யாரும் பயணம் புறப்பட மாட்டார்கள். இந்த முறை இருபதாவது வருடம் வேறு. ஆகவே 27க்கு முன்னர் எங்களால் வர முடியாது. “அப்ப சந்தை இருக்குமா தம்பி?” என்று நானே கேட்டேன். மேசையில் இருந்த பையன் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது: “ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அன்ரி, சந்தை ஜனவரி வரைக்கும் இருக்கும்.” அந்த வார்த்தையை நம்பித்தான் அன்றைக்கே முற்பணம் கட்டினோம்.

28ஆம் திகதி பின்னேரம் கொலோன் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் பேராலயம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. 157 மீற்றர் உயரம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதைச் சுற்றி முன்பக்கம் போனோம். சந்தை நடந்த இடத்தில் மரப் பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு லொறி பின்பக்கம் திறந்தபடி நின்றது. மின்விளக்கு வயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் இவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். டிசம்பர் 23ஓடு முடிந்துவிட்டது என்றார் அவர். ஒவ்வொரு வருடமும் நத்தாருக்கு முன்னரே முடித்துவிடுவார்களாம். நிலமெல்லாம் பைன் இலை சிதறிக் கிடந்தது, மழையில் நனைந்து. இவர் ஒன்றும் பேசவில்லை. பேத்திக்கு வாங்க நினைத்த மரப் பொம்மையின் படத்தை உங்கள் துண்டுப்பிரசுரத்திலிருந்து வெட்டி பர்ஸில் வைத்திருந்தார், அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்தார்.

கொஞ்சத் தூரம் தள்ளி ஐஸ் சறுக்கும் திடல் ஒன்றைச் சுற்றிச் சில கடைகள் திறந்திருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் துண்டுப்பிரசுரத்தில் படம் போட்டிருப்பது அந்தத் திடல் அல்ல, பேராலயத்தின் முன்னால் உள்ள சந்தை.

அன்றைய நிகழ்ச்சி நிரலில் ‘மாலை 5 மணி, ரைன் நதிக்கரையில் சூரிய அஸ்தமனம்’ என்று இருக்கிறது. அந்த நாட்களில் அங்கே நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். ஐந்து மணிக்கு நாங்கள் இருட்டில், குளிர்காற்றில், ஆற்றங்கரையில் நின்றோம். இந்த நிரலை எழுதியவர் டிசம்பரை நினைத்து எழுதவில்லை. கோடைகாலத் தாளில் திகதியை மட்டும் மாற்றியிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

பேராலயத்துக்குள் போனதுதான் அந்த நகரத்தில் எங்களுக்குக் கிடைத்த ஆறுதல். நடுப்பீடத்துக்குப் பின்னால், பாலன் யேசுவைப் பார்க்க வந்த மூவிராசாக்களின் திருப்பண்டங்கள் உள்ள பொற்பேழை இருக்கிறது. அந்தத் திருப்பண்டங்களை 1164இல் மிலானிலிருந்து கொண்டுவந்தார்களாம். மூவிராசாக்கள் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அதன் முன்னால் முழந்தாளிட்டு நிற்கக் கிடைத்தது. உள்ளே போக அப்போது நுழைவுக் கட்டணமும் இருக்கவில்லை.

அடுத்தது பாரிஸ். 31ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலையில் ‘லூவர் அருங்காட்சியகம், நுழைவுச்சீட்டு உட்பட’ என்று நிரலில் இருந்தது. கண்ணாடிப் பிரமிட் வரை போனோம். மூடியிருந்தது. லூவர் செவ்வாய்க்கிழமைகளில் திறப்பதில்லை. சரி, அடுத்த நாள் வருவோம் என்றால் ஜனவரி 1ஆம் திகதியும் விடுமுறை. 2ஆம் திகதி விடிய எங்களுக்கு ஜெனீவா பஸ். உங்கள் ஆளுக்குத் தொலைபேசி எடுத்தபோது, நுழைவுச்சீட்டை மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னார். இன்றுவரை வரவில்லை. மூடியிருக்கும் நாளுக்கு நுழைவுச்சீட்டு விற்க மாட்டார்கள். அப்படியென்றால் நீங்கள் அதை வாங்கவே இல்லை, ஆனால் அதற்கான காசை எங்களிடம் எடுத்திருக்கிறீர்கள். அப்போது ஒரு சீட்டு 22 யூரோ.

அன்று மத்தியானம் லா சப்பலில் நம்மவர் கடை ஒன்றில் சோறு சாப்பிட்டோம். நாங்கள் மட்டக்களப்பு என்றதும் கடைக்காரர் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை. மெட்ரோவில் எங்கே மாறி ஏறுவது என்று ஒரு கடதாசியில் வரைந்தும் தந்தார். உங்கள் வழிகாட்டிக் குறிப்பை விட அந்தக் கடதாசிதான் மிச்ச நாளுக்கு உதவியது.

ஜெனீவா விடயத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ‘ஜெனீவா ஹோட்டல், ஏரிக்கரைக்கு நடை தூரம்’ என்று உறுதிச்சீட்டில் இருந்தது. விலாசம் இல்லை. நாங்கள் இறக்கப்பட்ட இடம் அன்மாஸ். அது பிரான்ஸில் இருக்கிற ஊர். அங்கிருந்து ஜெனீவா நிலையத்துக்கு ரயிலில் இருபது நிமிடத்துக்கு மேல். எல்லையில் எங்களிடம் யாரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை, அதனால் எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதே எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது. மச்சாள் பேர்னிலிருந்து புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு வந்து ஜெனீவா நிலையத்தில் காத்து நின்றிருக்கிறா. நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்து அழைப்பு எடுத்தால் போன் வேலை செய்யவில்லை. ‘ஐரோப்பா முழுவதும்’ என்று சொல்லி நீங்கள் 9,000 ரூபாவுக்குத் தந்த இரண்டு சிம்மும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு மட்டும்தான். சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை. மூன்று மணித்தியாலம் ஒரே நிலையத்தில் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மச்சாள். கடைசியில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் போனில் பேசித்தான் கண்டுபிடித்தோம். அவவுக்குத் திரும்பிப் போகக் கடைசி ரயில். பதினெட்டு வருடத்துக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது. புட்டு ஆறிப் போயிருந்தது. மூவரும் நிலையத்து வாங்கில் இருந்து சாப்பிட்டோம்.

ஊருக்கு வந்த பிறகு நீங்கள் திருப்பித் தந்த விசாக் கோப்பைப் பார்த்தேன். அதில் அந்த ஹோட்டலின் முழு விலாசம் இருக்கிறது, அன்மாஸ், பிரான்ஸ் என்று. தூதரகத்துக்குச் சரியான விலாசத்தைக் கொடுத்தவர்கள் காசு கட்டிய எங்களுக்கு மட்டும் ஜெனீவா என்று எழுதித் தந்திருக்கிறீர்கள். இதைத் தெரியாமல் நடந்த பிழை என்று நான் எடுக்க மாட்டேன். மலிவான இடம் என்பதால் எல்லைக்கு அப்பால் போட்டிருக்கிறோம் என்று முன்னரே சொல்லியிருந்தால் சரி என்றிருப்போம். மச்சாளையும் நேரே அங்கேயே வரச் சொல்லியிருப்போம்.

எங்கள் பற்றுச்சீட்டில் ‘சிறப்பு நிகழ்ச்சிகள் (நத்தார்ச் சந்தை, லூவர்)’ என்று ஒருவருக்கு 45,000 ரூபா தனியாக எடுத்திருக்கிறீர்கள். அந்த இரண்டில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆகவே இருவருக்குமான 90,000 ரூபாவையும், சிம் காசு 9,000 ரூபாவையும், ஜெனீவா ஹோட்டலுக்கும் அன்மாஸ் ஹோட்டலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும் திருப்பித் தர வேண்டும். விமானம், விசா, காப்புறுதி எல்லாம் சரியாக நடந்தன, அவற்றில் நான் ஒரு சதமும் கேட்கவில்லை. அத்துடன் அந்தத் துண்டுப்பிரசுரத்தை மாற்றுங்கள். போன கிழமையும் உங்கள் அலுவலகக் கண்ணாடியில் அதே சந்தைப் படம், அதே டிசம்பர் 27 புறப்பாடு, அடுத்த குளிர்காலத்துக்கென்று ஒட்டியிருக்கக் கண்டேன். ஆரையம்பதியிலிருந்து ஒரு சோடி அதைப் பார்த்து விலை கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பெப்ரவரி 5ஆம் திகதிக்குள் தமிழில், எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்வேன். நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை அந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது. முறைப்பாட்டுக்கு மூன்று மாதம் தவணை இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

பற்றுச்சீட்டு, நிகழ்ச்சி நிரல், உறுதிச்சீட்டு, விசாக் கோப்பில் ஹோட்டல் விலாசம் உள்ள பக்கம் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூலங்கள் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
(கையொப்பம்)
என் கணவர் சார்பிலும்