ஒரு கட்டடத்தில் மூன்று ஷுல்ட்ஸ்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. மொட்டைத் தலையோடு உன் பேரன் படத்தைப் பார்த்தேன். அப்படியே உங்க அப்பா முகம்டா! எனக்கு முழங்கால் தேவலை. மாடிப்படிதான் இன்னும் படுத்துகிறது.

இங்கே ஜெர்மனியில் வாசல் அழைப்புமணிப் பலகையில் பெரும்பாலும் கதவெண் போட மாட்டார்கள், குடும்பப் பெயர்தான். எங்கள் கட்டடத்தில் ஷுல்ட்ஸ், ஷுல்ட்ஸெ, ஷோல்ட்ஸ் என்று மூன்று வீடு. தபால்காரர் பாடு திண்டாட்டம். மூவரும் உறவில்லை என்கிறார்கள். எனக்குச் சும்மா இருக்க முடியுமா? நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

'ஷுல்ட்ஹைஸ்' என்ற பழைய பதவியிலிருந்து வந்த பெயர்கள் இவை. பிரபுவுக்குச் சேரவேண்டிய வரியையும் தானியத்தையும் கட்டச்சொல்லி வாங்குகிறவர், சில்லறை வழக்குகளையும் விசாரிப்பார். நம் ஊர் மணியக்காரர் மாதிரி. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே காடு வெட்டிப் புது ஊர்கள் அமைத்தார்கள். குடியானவர்களைத் திரட்டிக் கூட்டிப்போனவருக்கே பெரும்பாலும் இந்தப் பதவி, அதுவும் பரம்பரையாக. வரியில்லா நிலம், அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் மதுக்கடை, மாவு ஆலை உரிமை வேறு. ஊருக்கு ஒருவர் என்றால் பெயர் பெருகாமல் என்ன செய்யும்?

இப்போது பெரும்பாலும் போலந்தில் இருக்கும் சிலேசியாப் பக்கம் அது ஷோல்ட்ஸ் ஆயிற்று. 2021 முதல் 2025 வரை இங்கே சான்சலராக, அதாவது நம் பிரதமர் மாதிரி, இருந்த ஓலாஃப் ஷோல்ட்ஸின் பெயரும் இதே வகைதான். படித்தவர்கள் சிலருக்கோ இந்தப் பட்டிக்காட்டு வாசனை ஆகவில்லை, லத்தீனில் மாற்றிக்கொண்டார்கள். இசையமைப்பாளர் மிக்கேல் பிரட்டோரியுஸ் குடும்பத்தின் பழைய பெயர் ஷுல்ட்ஸெதான். எனக்கென்னவோ பழசே கம்பீரமாகப் படுகிறது.

எழுத்துக் குழப்பத்துக்குப் பாதிரியார்கள் காரணம். காதில் விழுந்தபடி தேவாலய ஏட்டில் எழுதியதால் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. 1876இல் பிறப்பு, திருமணப் பதிவு நாடு முழுக்க அரசு அலுவலகத்துக்குப் போன பிறகே ஒரு கட்டுக்குள் வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனியில் பதவி போய்ப் பெயர் மிஞ்சியது. போலந்தில் அந்தச் சொல் 'சோல்டிஸ்' ஆகி, இன்றைக்கும் கிராமத் தலைவரைக் குறிக்கிறது.

உங்கள் பக்கமும் ஒருவர் வந்திருக்கிறார்: ஜெர்மன் பாதிரியார் பெஞ்சமின் ஷுல்ட்ஸெ. 1719இல் தரங்கம்பாடி வந்து, அவருக்கு முன் அங்கே இருந்த பாதிரியார் சீகன்பால்க் பாதியில் விட்டுப்போன பைபிள் பழைய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை முடித்தவர். அடுத்த முறை அங்கே போனால் அவர் பெயர் எங்காவது தமிழில் பொறித்திருக்கிறதா, எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுது. அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ராமநாதன்