எங்களிடம் கேட்டதை எங்களுக்கும் காட்டுங்கள்

தேர்தல் கருத்துக்கணிப்பு நடத்தும் நிறுவனத்தாருக்கும், அவற்றை ஒளிபரப்பும் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். "இன்று தேர்தல் நடந்தால் யாருக்கு எத்தனை இடம்" என்று நீங்கள் அவ்வப்போது சொல்லி வருகிறீர்கள். மக்களவைத் தேர்தல் நெருங்கிவிட்டால் அதுவே அன்றாடச் செய்தியாகிவிடும். அந்தப் பரபரப்பு தொடங்கும் முன்பே ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

உங்கள் ஆட்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் ஒரே ஒரு கேள்வியோடு போவதில்லை. விலைவாசி எப்படி இருக்கிறது, பிள்ளைகளுக்கு வேலை கிடைத்ததா, மத்திய அரசு திருப்தியா, மாநில அரசு திருப்தியா, எம்.பி. தொகுதிப் பக்கம் வருகிறாரா, பிரதமராக யார் வர வேண்டும், எதைப் பார்த்து ஓட்டுப் போடுவீர்கள் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். வேலையைப் போட்டுவிட்டு நின்று பதில் சொல்கிறோம். ஆனால் திரையில் வருவது கடைசிக் கேள்வியின் பதில் மட்டும்தான். அதுவும் நாங்கள் சொன்ன வடிவில் வருவதில்லை. தொகுதிக் கணக்காக மாறி, இந்தக் கட்சிக்கு இத்தனை, அந்தக் கூட்டணிக்கு இத்தனை என்று வருகிறது. மற்ற பதில்களெல்லாம் எங்கே போயின?

அந்தப் பதில்களுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை 2024 காட்டியது. மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்பு லோக்நிதி-சிஎஸ்டிஎஸ் என்ற டெல்லி ஆய்வு அமைப்பு 19 மாநிலங்களில் 10,019 பேரிடம் ஆய்வு நடத்தியது. முக்கியப் பிரச்சினை எது என்றதற்கு 27 சதவீதம் பேர் வேலையின்மை என்றார்கள், 23 சதவீதம் பேர் விலைவாசி என்றார்கள். ராமர் கோயிலைச் சொன்னவர்கள் 8 சதவீதம். வேலை கிடைப்பது முன்பைவிடக் கடினமாகிவிட்டது என்றவர்கள் 62 சதவீதம். இதே ஆய்வு, பாஜக தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணி வாக்கு விகிதத்தில் 12 புள்ளி முன்னால் இருப்பதாகவும் சொன்னது. முடிவில் இடைவெளி அதைவிட மிகவும் குறுகியிருந்தது. ஓட்டுக் கணக்கு தப்பிவிட்டது, பிரச்சினைக் கணக்குதான் நாட்டின் நிலையைச் சொன்னது என்பது என் எண்ணம். உத்தரப் பிரதேசத்தில் 2019இல் 62 இடம் பிடித்த பாஜக 2024இல் 33க்கு இறங்கியது. அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் தொகுதியிலேயே தோற்றது. வேலையும் விலையும்தான் முதல் கவலை என்று மக்கள் ஏப்ரலிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் "ஆளும் கூட்டணி நானூறு இடத்தைத் தாண்டுமா" என்ற ஒரே விவாதம்தான் இரவு முழுக்க நடந்தது.

அப்புறம் எக்ஸிட் போல், அதாவது ஓட்டுப் போட்டுவிட்டு வருபவர்களைக் கேட்டு எடுக்கும் கணிப்பு. 2024 ஜூன் 1 மாலை கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்ததும், பெரும்பாலான நிறுவனங்கள் ஆளும் கூட்டணிக்கு 350 முதல் 400 இடம் வரை கொடுத்தன. திங்கள்கிழமை ஜூன் 3 அன்று மும்பை பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் அந்தக் கூட்டணி 293, பாஜக தனியாக 240 என்று வந்ததும், ஒரே நாளில் சென்செக்ஸ் 4,300 புள்ளிக்கு மேல் சரிந்தது. உங்கள் எண்ணை நம்பித் திங்கள்கிழமை பங்கு வாங்கிய சிறு முதலீட்டாளருக்கு யார் பதில் சொல்வது? 2004இலும் வாஜ்பாய் ஆட்சி திரும்பும் என்றுதான் பல கணிப்புகள் சொல்லின. அப்போதும் மக்கள் வேறு முடிவு எழுதினார்கள். ஒரு கணிப்பு தவறுவது குற்றமில்லை. ஏன் தவறியது என்று உட்கார்ந்து எங்களுக்கு விளக்கியவர்கள் மிகச் சிலரே என்பதுதான் என் வருத்தம்.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்வோம். வாக்குச் சதவீதம் இடமாக மாறும் விதம் இங்கே எவ்வளவு தாறுமாறானது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2014இல் அதிமுக சுமார் 44 சதவீத வாக்கில் 39க்கு 37 பிடித்தது. திமுகவுக்கு 23 சதவீதத்துக்கு மேல் வாக்கு இருந்தும் ஓர் இடமும் இல்லை. 2024இல் அதிமுக அணி சுமார் 23 சதவீதம், பாஜக அணி சுமார் 18 சதவீதம் வாங்கின. இரண்டுக்கும் பூஜ்யம், 39 இடமும் திமுக கூட்டணிக்கு. தனித்தனியாகப் பார்த்தால் இன்னும் நெருக்கம். 2019இல் சிதம்பரம் 3,219 வாக்கில் முடிவானது, 2024இல் விருதுநகர் 4,379 வாக்கில். ஆயிரம் பேரைக் கேட்டால் மூன்று சதவீதம் இப்படியோ அப்படியோ போகலாம் என்று உங்கள் கணிதமே சொல்கிறது. அப்படியிருக்க, மாநிலத்துக்குச் சில நூறு பேரைக் கேட்டுவிட்டு எந்தக் கட்சிக்கு எத்தனை தொகுதி என்று எண் போடுவது எந்த அளவுக்கு நியாயம்? இத்தனை சதவீதம் பேர் இப்படிச் சொன்னார்கள் என்று நிறுத்திக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

வாசலில் நடப்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் டேப்லெட்டோடு வந்து "ஓட்டு யாருக்கு?" என்று கேட்கும்போது, பக்கத்து வீட்டுத் திண்ணையில் கட்சிக்காரர் உட்கார்ந்திருப்பார். கேட்பவர் எந்தக் கட்சி அனுப்பிய ஆள் என்ற சந்தேகம் வேறு. மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமோ, நூறு நாள் வேலை அட்டையில் பெயர் போய்விடுமோ என்று பயப்படும் அக்காமார்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லாததாக இருக்கலாம், ஆனாலும் பதிலை அதுதான் தீர்மானிக்கிறது. பணமும் இதில் புகுந்துகொள்கிறது. பணப் பட்டுவாடா புகாரால் 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்டில்தான் நடந்தது. ஒருவரிடம் பணம் வாங்கிக்கொண்டு இன்னொருவருக்கு ஓட்டுப் போடுவது இங்கே புதிதல்ல. அப்படிப்பட்டவர் உங்களிடம் எதைச் சொல்வார்? "இன்னும் முடிவு பண்ணலைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். அந்தப் பதிலை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சேனல்களில் வரும் அட்டவணைகளைக் கூட்டிப் பார்த்தால் பலவற்றில் முடிவு செய்யாதவர்களே இல்லை. அவர்களை மற்ற கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டீர்களா? கையில் மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, மறைவாகக் குறித்துப் பெட்டியில் போடச் சொல்லும் முறையைச் சில ஆய்வாளர்கள் பின்பற்றியிருக்கிறார்கள். செலவும் நேரமும் கூடுதல்தான். ஆனால் ஓட்டு ரகசியம் என்பதை மதிக்கும் முறை அது.

இன்னொன்றும் என் மனதில் வெகுநாளாக உறுத்துகிறது. கேள்வித்தாள் டெல்லியில் தயாராகி, மொழி மட்டும் மாறி எங்கள் ஊருக்கு வருகிறது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், எண்ணூறு பேரளவில் தவித்தார்கள். வாழையும் நெல்லும் போயின, ஆடு மாடு போயின, கடைகளில் சரக்குப் போனது. நான்கே மாதத்தில், 2024 ஏப்ரல் 19இல், எங்களுக்கு வாக்குப்பதிவு. வெள்ள நிவாரணத்துக்காக மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போயிருந்த நேரம் அது. எங்கள் பக்கம் டீக்கடையில் தேர்தல் பேச்சு என்றால் நிவாரணம் வந்ததா, குளக்கரை அடைபட்டதா, மத்திய அரசு என்ன கொடுத்தது, மாநில அரசு என்ன கொடுத்தது என்பதுதான். நான் பார்த்த எந்தத் தேசியக் கணிப்பிலும் இது ஒரு கேள்வியாக இல்லை. இருந்திருந்தாலும் "இதர" என்ற கட்டத்துக்குள் போயிருக்கும்.

ராமேசுவரம் மீனவர் படகைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறார். திருப்பூரில் நூல் விலை. டெல்டாவில் ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்ற கவலை. நீட் தேர்வு எழுதும் பிள்ளையின் வீட்டில் வேறு கவலை. தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் எம்.பி. எண்ணிக்கை என்னவாகும் என்பது இப்போது எல்லோருடைய கேள்வியும் ஆகிவிட்டது. இவை அத்தனையும் நாடாளுமன்றத்தோடு சம்பந்தப்பட்டவை. இவற்றை வைத்துத்தான் தலைவர்களையும் கட்சிகளையும் எடை போடுகிறோம். இங்கே வந்து "பிரதமர் வேட்பாளர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்" என்று மட்டும் கேட்டால், எங்கள் மனதில் பாதியைக்கூட நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள்.

நான் கேட்பது புதிதாக எதையும் அல்ல. கணிப்பை நடத்தியது யார், பணம் கொடுத்தது யார், எத்தனை பேரைக் கேட்டார்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையெல்லாம் வாசகருக்குச் சொல்ல வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் எப்போதோ வழிகாட்டிவிட்டது. தொலைக்காட்சிகள் அதை ஏற்று நடப்பதில் என்ன தடை? 2014 தேர்தலுக்கு முன், பணத்துக்காக எண்களை மாற்றித் தரச் சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்வதாக ஒரு சேனல் ரகசியக் கேமரா காட்சிகளை வெளியிட்டது. சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். அந்தச் சந்தேகம் உங்கள் எல்லோர் மேலும் விழுந்துவிட்டது, நேர்மையாக உழைப்பவர்கள் மேலும் சேர்த்து. வெயிலில் தெருத்தெருவாக அலையும் உங்கள் களப்பணியாளர்களுக்காகவாவது அதைத் துடைத்தாக வேண்டும்.

கணிப்புகளைத் தடை செய்ய வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. வாக்குப்பதிவு முடியும் வரை எக்ஸிட் போல் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு சொல்கிறது, அது சரி. அதற்கு மேல் தடை போட்டால், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டனை அழுத்துவதைத் தவிர எங்கள் கருத்தைப் பதிவு செய்யும் ஒரு வழியும் அடைபட்டுப் போகும்.

ஆகவே அடுத்த கணிப்பிலிருந்து, கேள்வித்தாளை முழுமையாகத் தமிழிலும் வெளியிடுங்கள். எல்லாக் கேள்விகளுக்கும் வந்த பதிலை மாநிலவாரியாகப் போடுங்கள். முடிவு செய்யாதவர்கள் எத்தனை பேர், பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர் என்று தனி வரியில் காட்டுங்கள். அன்றைய விவாத நேரத்தில் பாதியையாவது பிரச்சினைகள் பற்றிய பதில்களுக்கு ஒதுக்கி, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சிப் பேச்சாளர்களை அவற்றுக்குப் பதில் சொல்ல வையுங்கள். தொகுதி எண்ணிக்கையை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்