ஊருணித் திருப்பணி நிறைவும் வரவு செலவும்: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஊருணித் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

ஆவணியில் முடிந்த பணிக்குத் தை கடைசியில் அறிக்கை தருவது தாமதம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒப்பந்ததாரருக்கான இறுதிப் பட்டியல் தொகையைப் பேரூராட்சி அலுவலகம் இந்த மாதம்தான் வழங்கியது என்பதும், அதற்கு முன் எதை எழுதினாலும் கணக்கு அரைகுறையாகவே நின்றிருக்கும் என்பதும் தாமதத்துக்கான காரணங்கள். இதற்கிடையே உறுப்பினர்கள் சிலர் நேரிலும் வாட்ஸ்அப் குழுவிலும் மூன்று கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்தார்கள். மதிப்பீடு போட்ட பிறகு வரி எப்படிக் கூடியது, மண் எடுத்தவரோடு ஏன் தகராறு, இரண்டாம் முறை எதற்காகக் கையேந்தினீர்கள் என்பவை அவை. ஊருணியில் என்ன வேலை நடந்தது என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே கேட்டவற்றுக்கே முதலில் பதில் சொல்கிறோம்.

பின்னணி புதிய உறுப்பினர்களுக்காக மட்டும். 2016 அக்டோபரில் பேரூராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்து, மார்ச் 2-ல் புதிய உறுப்பினர்கள் பதவியேற்கும் வரை நம் பேரூராட்சி தனி அலுவலரின் பொறுப்பில் இருந்தது. அந்த ஐந்தரை ஆண்டுகளில் நாம் கொடுத்த மனுக்களுக்கு ரசீது கிடைத்தது. ஊருணிக்கு எதுவும் கிடைக்கவில்லை. புதிய மன்றம் வந்த அடுத்த மாதமே, ஏப்ரலில், மக்களும் அரசும் செலவைப் பகிரும் நமக்கு நாமே திட்டத்தில் பணியை எடுக்கக் கேட்டோம். மற்றப் பணிகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் போதும்; நீர்நிலைப் பணிக்குப் பாதியைக் கட்ட வேண்டும். இது தெரிந்தேதான் பொதுக்குழு கைதூக்கி ஒப்புதல் தந்தது.

வரி விஷயம் சிறியது. மதிப்பீடு தயாரானபோது உள்ளாட்சிப் பணிகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதம். அதன்படி 20,00,000 ரூபாய் பணிக்கு 2,40,000 ரூபாய் வரி சேர்ந்து மொத்தம் 22,40,000 ஆனது. நம் பங்கு 11,20,000. ஒப்பந்தப்புள்ளி திறப்பதற்குள், 2022 ஜூலை 18 முதல் வரி 18 சதவீதமாக உயர்ந்துவிட்டது. கூடுதல் 1,20,000 ரூபாயில் பாதியாகிய 60,000 நம் மீது விழுந்தது. "மண் வேலைக்கு 12 சதவீதம்தானே" என்று வரி ஆலோசகராக உள்ள உறுப்பினர் ஒருவர் எழுதியிருந்தார். மண் வேலை ஒப்பந்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால்தான் அப்போது அந்த விகிதம் பொருந்தியது. நம் ஒப்பந்தத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. அவர் சொன்னது சரியாக இருந்திருந்தால் முதலில் மகிழ்ந்திருப்பது இந்தக் குழுதான்.

அடுத்தது மண். ஒப்பந்தம் கையெழுத்தானபோது வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஊருணியில் தண்ணீர் நின்றுவிட்டதால், 2023 பங்குனியில் அது வற்றிய பிறகே இயந்திரம் இறங்கியது. அதற்கு முன் பேரூராட்சிப் பொறியாளர் ஊருணித் தரையின் மட்டம் முழுவதையும் எடுத்துப் பதிவு செய்தார். அது போதாது என்று நம் குழுவில் உள்ள வயதான கொத்தனார் ஒருவர் பிடிவாதமாகச் சொன்னதன் பேரில், தரையில் எட்டு இடங்களில் பழைய மண்ணை வெட்டாமல் ஆளுயரத்துக்குக் குறைவான திட்டுகளாக விடச் செய்து, ஒவ்வொன்றின் தலையிலும் சுண்ணாம்பு பூசி வைத்தோம். எவ்வளவு ஆழம் வெட்டப்பட்டது என்பதற்கு அந்தத் திட்டுகளே சாட்சி. அப்போது இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. "ஊருணிக்குள் எட்டுப் பிள்ளையார்" என்று படம் எடுத்துப் போட்டதையும் பார்த்தோம்.

வைகாசியில் தூர் வாரி முடிந்ததும் ஒப்பந்ததாரர் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். டிப்பர் ஓட்டுநர்கள் நடைக்கு ஒரு கோடாகப் போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்த நோட்டு அது. மொத்தம் 412 நடை, நடைக்கு மூன்று யூனிட், ஆக 1,236 யூனிட் என்றார். யூனிட்டுக்கு நூறு கன அடி என்றால் இது ஏறத்தாழ 3,500 கன மீட்டர். பொறியாளரின் மட்டக் கணக்கிலோ 2,640 கன மீட்டர்தான் வந்தது. கன மீட்டருக்கு 250 ரூபாய் வீதம் 860 கன மீட்டருக்கு 2,15,000 ரூபாய் வித்தியாசம். அதில் பாதி நம் பணம்.

ஒப்பந்ததாரர் பொய் சொன்னார் என்று இந்தக் குழு அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. நடை எண்ணிக்கை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இறுகிக் கிடந்த மண்ணை வெட்டி வண்டியில் கொட்டினால் அது தளர்ந்து பெருகும். பள்ளத்தில் ஒரு யூனிட்டாக இருந்தது வண்டியில் ஒன்றேகால் யூனிட்டாக நிற்கும். 2,640 கன மீட்டர் அப்படி 3,300 ஆகிவிடுகிறது. மீதி 200 கன மீட்டர், ஏறத்தாழ இருபத்துநான்கு நடை, பாதி நிரம்பிய வண்டிகளை முழு நடையாக எண்ணியதில் போயிருக்கும். ஒப்பந்தத்தில் பள்ளத்தை அளந்தே பணம் என்று எழுதியிருக்கிறது; வண்டியை எண்ணி என்று எங்கும் இல்லை. இதைச் சொன்னதற்காக அவர் பத்தொன்பது நாள் வேலையை நிறுத்தினார். அந்த நாட்களில் "பாவம், டீசலுக்குக்கூடக் கட்டுப்படியாகாது, கொடுத்துத் தொலையுங்கள்" என்று நம் உறுப்பினர்களே சிலர் அவருக்காகப் பேசினார்கள். கொடுத்திருந்தால், அதே உறுப்பினர்கள் இன்று இந்த அறிக்கையில் 412 நடைக்கு ஆதாரம் கேட்டிருப்பார்கள்.

கடைசியில் மறு அளவைக்கு நாமே எழுதிக் கொடுத்தோம். உதவி செயற்பொறியாளர் முன்னிலையில், எந்தத் திட்டுகளைக் கொண்டு அளப்பது என்பதை ஒப்பந்ததாரரே தேர்ந்தெடுக்க, காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்தது. 2,655 கன மீட்டர் வந்தது. முன்பு விடுபட்ட பதினைந்து கன மீட்டருக்கு 3,750 ரூபாய் கூட்டி, அளவுப் புத்தகத்தில் அவர் கையெழுத்திட்டார். பிறகு தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார். இரண்டு நடை மண் செங்கல் சூளைப் பக்கம் போனதாக வந்த புகார் உண்மை. பதிவேட்டில் இருக்கிறது, அதற்குரிய தொகை பிடித்தம் செய்யப்பட்டது. மற்ற மண் முழுவதும் கரையைப் பலப்படுத்தவும் வாரச்சந்தைத் திடலின் பள்ளத்தை நிரப்பவும் பயன்பட்டது.

இனி இரண்டாம் வசூல். வேலை நின்றிருந்த அந்தப் பத்தொன்பது நாட்களில்தான் மேற்குப் படித்துறை தன் நிலையைக் காட்டியது. தூர் வாரியதால் அடிப்படிகள் வெளியே தெரிய, கொத்தனார் மூன்றாம் படியின் இணைப்பில் கடப்பாரையை ஊன்றினார். சாம்பல் குவியலில் இறங்குவது போல இரண்டடி உள்ளே போயிற்று. கல்லைப் புரட்டினால் அடியில் தொடைப் பருமனில் அரசமர வேரும், அதைச் சுற்றி நண்டு வளையும், நடுவே வெறும் இடமும். பதினொரு படிகளுக்கும் அதே கதி. மேலே சிமெண்ட் பூசி மூடுவதற்கே மதிப்பீட்டில் இடம் இருந்தது. பிரித்துக் கட்டுவதற்கு இல்லை.

திருத்திய மதிப்பீடு தயாரித்து, மன்றத் தீர்மானம் பெற்று, மேலிடத்துத் தொழில்நுட்ப அனுமதியும் நிர்வாக அனுமதியும் வந்து சேர்வதற்குள் ஐப்பசி மழை வந்து, கல் புரட்டிய கரை தண்ணீரில் சரிந்திருக்கும். அதனால் முழுச் செலவையும் குழுவே ஏற்றுச் செய்ய அனுமதி மட்டும் கேட்டு விண்ணப்பித்தோம். அந்த மாத மன்றக் கூட்டத்தில் இருபத்துமூன்று பொருள்கள். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது, தெருவிளக்குச் சாமான், பிளீச்சிங் பவுடர், குப்பை வண்டிக்கு டயர் என்று வழக்கமானவை முன்னால் நிற்க, நம்முடையது பதினேழாவது. மோட்டார் பழுதுக்கு முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. நம் பொருள் வந்தபோது உறுப்பினர் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி, "கல்வெட்டில் மன்றத்தின் பெயர் வருமா?" என்பது. வரும் என்று தலைவர் சொல்ல, தீர்மானம் நிறைவேறியது.

செலவு 3,46,500 ரூபாய். பழைய செம்புறாங்கற்களில் நல்லவற்றைத் தட்டிச் சுத்தம் செய்து திரும்ப வைத்தோம். போதாமல் போன கற்களை, இடிக்கப்பட்ட தம் பூர்விக வீட்டிலிருந்து வடக்குத் தெருக் குடும்பத்தார் ஒருவர் விலையின்றித் தந்தார். வேலையை அதே ஒப்பந்ததாரரின் கொத்தனார்களிடம் கொடுத்ததுதான் பலருக்கு உறுத்தியிருக்கிறது. அவரோடு சண்டையிட்டுக்கொண்டே அவர் ஆட்களை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டார்கள். வெளியிலிருந்து மூன்று பேரிடம் விலை கேட்டோம். செம்புறாங்கல் வேலை தெரிந்தவர் அவர்களில் ஒருவர்தான், அவரும் ஆவணிக்குப் பிறகே வர முடியும் என்றார். மூன்று விலைச் சீட்டுகளும் கோப்பில் உள்ளன.

ஒரு தவறு எங்களுடையது. இரண்டாம் வசூலுக்கு முன் சிறப்புப் பொதுக்குழு கூட்டியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்போடு நிறுத்திக்கொண்டோம். கைபேசி பார்க்காத மூத்த உறுப்பினர்களுக்கு வசூலுக்கு ஆள் வந்தபோதுதான் செய்தி தெரிந்தது. அவர்கள் கோபித்துக்கொண்டது நியாயம்.

வரத்துக்கால் 340 மீட்டர் சீரமைப்பு, கம்பி வேலி, இரண்டு விளக்குகள், அறிவிப்புப் பலகை ஆகியவை மதிப்பீட்டின்படி முடிந்தன.

நன்கொடையாளர் பெயர்கள் முழுவதும் அகரவரிசையில் தனித்தாளாக இணைக்கப்பட்டு, அதே வரிசையில் கல்லிலும் வெட்டப்பட்டுள்ளன. தொகை வரிசையில் போட வேண்டும் என்று ஒரு சாராரும், வயது வரிசையில் என்று இன்னொரு சாராரும் இரண்டு மாதம் வழக்காடியதால், அகரத்திடமே பொறுப்பை ஒப்படைத்தோம். ஆயினும் நன்றி சொல்லாமல் விட முடியாதவர்கள் பலர்: முதல் லட்சத்தைத் தந்து வசூலைத் தொடங்கிவைத்த கீழத்தெரு ஜவுளிக்கடைக் குடும்பத்தார்; சிங்கப்பூரில் பணிபுரியும் மூன்று சகோதரர்கள்; இருமுறையும் கேட்காமலே அனுப்பிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியை; கடைவீதி நகைக்கடை, உரக்கடை, இரும்புக்கடை உரிமையாளர்கள்; ஆட்டோ நிறுத்த ஓட்டுநர்கள் பதினான்கு பேர்; மேலத்தெரு மகளிர் சுயஉதவிக் குழுவினர்; தம் சேமிப்பு உண்டியலை அப்படியே கொண்டுவந்து கவிழ்த்த பள்ளி மாணவர் இருவர்; துபாயிலிருந்து மாதத் தவணையாக அனுப்பிவரும், பெயர் வேண்டாம் என்ற அன்பர். பேருந்து நிறுத்தத் தேநீர்க்கடைக்காரர் தொகையாக எதுவும் தரவில்லை. வேலை நடந்த எழுபத்தொரு நாளும் ஆட்களுக்குக் காலைத் தேநீர் அவருடையது. அதை ரூபாயில் எழுத அவர் சம்மதிக்காததால் வரவுப் பக்கத்தில் அது இல்லை. கல்லில் பெயர் இருக்கிறது.

முதல் வசூல் 12,08,000 ரூபாய். இரண்டாம் வசூல் 3,53,050. ஆக வரவு 15,61,050. பேரூராட்சிக்குச் செலுத்திய பங்குத் தொகை, வரி உயர்வு உட்பட, 11,80,000. மேற்குப் படித்துறைக்கு 3,46,500. கல்வெட்டு, விலைச் சீட்டுப் பயணம், ரசீதுப் புத்தகம், நிறைவு நாள் பூசை ஆகியவற்றுக்கு 21,300. செலவு மொத்தம் 15,47,800; கையிருப்பு 13,250 வங்கிக் கணக்கில் உள்ளது. பள்ளத்தின் அளவு மதிப்பீட்டைவிடச் சற்றுக் குறைந்ததால் நம் பங்கில் பேரூராட்சி திருப்பித் தர வேண்டிய சிறு தொகை இன்னும் வரவில்லை. கடிதம் கொடுத்திருக்கிறோம்.

அளவுப் புத்தக நகல், விலைச் சீட்டுகள், டிப்பர் நோட்டு, ரசீது அடிக்கட்டைகள் ஆகியவற்றை அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நூலகத் திண்ணையில் வைத்திருப்போம். யாரும் வந்து பார்க்கலாம். இந்த மழைக்கு ஊருணியில் தண்ணீர் மேற்குப் படித்துறையின் ஏழாம் படியில் நிற்கிறது. இரண்டாம் வசூலின் மூன்று ரசீதுகள் உரியவர்களால் வாங்கப்படாமல் செயலாளரிடம் இருக்கின்றன.

குழுச் செயலாளர்