கெத்தை வழியை மறுபடி ஒருமுறை வரை

உட்ரெக்ட், நெதர்லாந்து

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா கொடுத்தனுப்பிய வர்க்கி பாதி தூளாகத்தான் வந்தது, ஆனாலும் ஒரு துகள் மிஞ்சவில்லை.

நீ அனுப்பிய சைக்கிள் ரூட்டைப் பார்த்தேன். கோத்தகிரியிலிருந்து இறங்கி மேட்டுப்பாளையம், காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை, மஞ்சூர், ஊட்டி வழியாகத் திரும்ப வீடு. சுமார் 160 கி.மீ. வழி அருமையானதுதான். கம்ப்யூட்டர் போட்ட கோட்டை அப்படியே நம்பிக் கிளம்பிவிடாதே, அவ்வளவுதான்.

இங்கே எப்படி வழி போடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடத்திலெல்லாம் ஒரு எண் பலகை நிற்கும். அங்கிருந்து அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி. 27, 53, 14 என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வண்டியின் மேல்குழாயில் ஒட்டிக்கொண்டால் போதும், போனைத் தொட வேண்டாம். 1995-ல் பக்கத்து பெல்ஜியத்தின் லிம்பர்க்கில் ஹூகோ பொலன் என்ற சுரங்கப் பொறியாளர் தொடங்கி வைத்த ஏற்பாடு இது. எண்கள் 99-க்கு மேல் போகாது. பக்கத்து வட்டாரத்தில் அதே எண் மறுபடி வரும் என்பதால், எண்களை மட்டுமல்ல, வரிசையையும் விடாமல் பிடித்துப் போக வேண்டும்.

மேடு இல்லாத இந்த ஊரில் காற்றுதான் ஏற்றம். பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அதனால் கால் புதிதாக இருக்கும் முதல் பாதியில் எதிர்காற்றை வாங்கிவிட்டு, திரும்பும்போது பின்காற்றில் வருவார்கள். இல்லாவிட்டால் சைக்கிளை ரயிலில் ஏற்றிப் போய் ஒரே பக்கமாக ஓட்டி வருவார்கள். கூட்ட நேரத்தில் மட்டும் ஏற்ற விடமாட்டார்கள். ஆற்றைக் கடக்கும் சின்னப் படகுகள் சில கோடையில் மட்டும் ஓடும். மேப்பில் கோடு இருக்கும், கரையில் படகு இருக்காது. நெதர்லாந்தின் ஐரோப்பியப் பகுதியிலேயே உயரமான இடம் ஃபால்சர்பெர்க், 322 மீட்டர். நம் மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் 326!

அதனால் இங்குள்ள கணக்கு நமக்கு ஒத்துவராது. நம் மலையில் முதலில் பார்க்க வேண்டியது உயரம். கொண்டை ஊசி வளைவுகளில் ரூட் போடும் ஆப்கள் சொல்லும் ஏற்றக் கணக்கு தப்பும். சரிவை வெட்டிப் போட்ட ரோட்டில் கோடு பத்து மீட்டர் பக்கவாட்டில் விலகினாலே, உயரத்தை மேல்ரோட்டிலிருந்தோ கீழே இருக்கும் பள்ளத்திலிருந்தோ எடுத்துக்கொள்ளும். உடனே உயரப் படத்தில் 20 சதவிகித ஏற்றம் என்று முள் போல ஒரு கோடு நிற்கும், மொத்த ஏற்றமும் நூற்றுக்கணக்கில் ஊதிவிடும். அந்த முள்ளைப் பார்த்துப் பயப்படாதே. விடாமல் ஏறும் ரோடென்றால் மேல் உயரத்திலிருந்து கீழ் உயரத்தைக் கழி, தூரத்தால் வகு. கோத்தகிரி காட் ரோடு 33 கி.மீ.க்கு ஏறக்குறைய 1,500 மீட்டர், அதாவது சராசரி நாலரை சதவிகிதம். கெத்தை பக்கம் 43 கொண்டை ஊசி. அங்கே சராசரியை நம்பாமல் 500 மீட்டர் துண்டு துண்டாகப் பார்.

நேரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதே. நீண்ட ஏற்றத்தில் பழகிய ஆள் மணிக்கு 450 மீட்டர் உயரம் ஏறுவார். சமவெளியிலிருந்து மஞ்சூருக்கு 1,600 மீட்டர் என்று வைத்தாலும் நிற்காமல் மூன்றரை மணி நேரம். உன் வண்டியின் பல்சக்கரங்களில் முன்னால் 34, பின்னால் 28 பல். மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் மிதி நிமிடத்துக்கு 59 சுற்றுதான் வரும், முட்டி போய்விடும். பின்னால் 34 போட்டால் 70-ஐத் தாண்டும். ஆனால் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் உன் டிரெய்லியருக்கு (derailleur) அவ்வளவு பெரிய பல் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்கு.

அடுத்தது எஸ்டேட் ரோடு. ஆப் சுருக்குவழி என்று தேயிலைக்குள் தள்ளிவிடும். அங்கே கேட் பூட்டியிருக்கும், அல்லது ஜல்லி பெயர்ந்து கிடக்கும். சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கி, தார் ரோட்டின் மேலேயே புள்ளி வைத்துக்கொண்டு போ. வழி தவறினால் தானாக மாற்று வழி காட்டும் வசதியை அணைத்துவிடு. மேப்பை போனில் இறக்கி வைத்துக்கொள், காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது. வெள்ளியங்காடு தாண்டினால் யானைக்காடு. செக்போஸ்ட்டில் சைக்கிளை விடுவார்களா, எத்தனை மணி வரை என்று முதல் நாளே கேட்டுவை.

மாதமும் முக்கியம். மஞ்சூர் இருக்கும் குந்தா பக்கம் தென்மேற்குப் பருவத்தில் நனையும்; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. குன்னூர், கோத்தகிரி சரிவில் ஆபத்து வடகிழக்குப் பருவத்தில். 2009 நவம்பர் மண்சரிவு உனக்கும் தெரியும். உன் சுற்று இரண்டையும் தொடுகிறது. ஜனவரி, பிப்ரவரிதான் சரி.

காலை 6 மணிக்கு வீட்டிலிருந்து இறங்கினால் மேட்டுப்பாளையம் ஏழேகால், சாப்பிட்டு வெள்ளியங்காடு 9, மஞ்சூர் மதியம் ஒன்றரை, ஊட்டி நாலரை. கோத்தகிரிக்கு இருட்டில்தான் வருவாய். அதுவும் பனியில் விரல் மரத்துப்போய், ஈர ரோட்டில் பிரேக் கட்டை தேயத் தேய 33 கி.மீ. இறங்கிய பிறகு! அந்த இறக்கத்தையே வெட்டிவிடு. முதல் நாள் மாலை பஸ்ஸிலோ வண்டியிலோ சைக்கிளை இறக்கி, மேட்டுப்பாளையத்தில் மாமா வீட்டில் தங்கிவிட்டு அங்கிருந்து கிளம்பு. 127 கி.மீ. வரும், ஐந்தரைக்குள் வீடு. இருந்தாலும் லைட் வைத்துக்கொள்.

தண்ணீருக்கு இரண்டு பாட்டில் கையோடு எடுத்துப் போ. மலையில் பிளாஸ்டிக் பாட்டில் தடை என்பதால் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. மஞ்சூர் வரை நிரப்ப இடம் குறைவு, காரமடையிலேயே முழுதாக நிரப்பு.

புது ரூட்டை வரைந்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். மாமாவிடம் நானே போனில் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்