கம்பனிக்குள் இருக்கிற பூதம்

பாண்டிருப்பு
ஞாயிறு இரவு

அன்பின் ரஞ்சி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த அன்றுதான் மழை பிடித்தது. மாரி வந்தால் நம்மட பக்கம் என்ன பாடு என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்து, நாவிதன்வெளிக்குப் போகிற சனம் இரண்டு நாள் கரையிலேயே நின்றது. உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். முழங்கால் நோவு குறைந்திருக்கிறது, ஆனால் குந்தி எழும்ப இன்னும் ஏலாது. "அவள் எப்பகா வாறாளாம்?" என்று மூன்று தரம் கேட்டா. சித்திரைக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். வந்துவிடு.

மறுகா, நீ கேட்ட விசயம். உன் மகன் கம்பியூட்டரில் விளையாடுகிற பேய் விளையாட்டில் வருகிற கம்பனி எங்கேயோ கேட்ட பழங்கதை மாதிரி இருக்கிறது, நம்மட ஊரில் இப்படிக் கதை இருக்கிறதா என்று அவன் கேட்டானாம். நல்ல கேள்வி. என் சின்னவனும் அதைத்தான் விளையாடுகிறான் என்று உன் கடிதத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. மூன்று இரவு அவனுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்து பார்த்தேன்.

பெயர் 'லீதல் கம்பனி'. ஸீக்கர்ஸ் என்ற பெயரில் ஒரே ஓர் ஆள் செய்து, 2023 ஒக்டோபரில் வெளிவிட்டது. நாலு பேர் ஒரு கம்பனியின் கூலியாட்களாகச் சேர்ந்து ஒரு விண்கப்பலில் சந்திரன் சந்திரனாகப் போக வேண்டும். ஆளில்லாத கட்டடங்களுக்குள் நுழைந்து பழைய இரும்பு, போத்தல், மணி, கிடைத்ததையெல்லாம் பொறுக்க வேண்டும். தவணை மூன்று நாள். முதல் தவணைக்கு 130 பெறுமதியான சாமான் கம்பனிக்குக் கட்ட வேண்டும். கட்டினால் அடுத்த தவணை, அதைவிடக் கூட. கட்டத் தவறினால் கப்பற் கதவு தானாகத் திறந்து எல்லாரையும் வெறும் ஆகாயத்தில் கொட்டிவிடும்.

பேய்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், அவற்றில் சில வெள்ளைக்காரரின் பொம்மைகளையும் ஊர்க்கதைகளையும் ஞாபகப்படுத்துகிறவை. பாக்கு வெட்டி மாதிரி வாயால் கொட்டை உடைக்கிற ஜேர்மன் மரப்பொம்மைச் சிப்பாய் துவக்கோடு காவல் நிற்கிறான். பெட்டிக்குள் இருந்து துள்ளி வருகிற கோமாளி ஆங்கிலச் சிறுபிள்ளைப் பாட்டின் மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துவிட்டுத் திறக்கிறான். ஆளைத் தின்கிற இராட்சதனும் உண்டு. பின்னால் வந்து நிற்கிற ஒன்று இருக்கிறது. ஒருக்கால் திரும்பிப் பார்த்தால் ஒதுங்கிப் போகும், உற்றுப் பார்த்தால் கழுத்தை முறித்துவிடும். அதைப் பார்த்ததும் அம்மம்மாதான் ஞாபகம் வந்தா. இராவில் யாரும் கூப்பிட்டால் கிறுகிப் பாராதே என்று நம்மைப் பழக்கியது அவதானே.

முதல் இரவு என்னை உலுக்கியது வேறொன்று. நாலு பொடியன்களும் அவரவர் வீட்டில் இருந்து மைக்கில் கத்திக்கொண்டு இருந்தவர்கள், திடீரென்று மூச்சுக் காட்டவில்லை. சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தான். வெளியே கண்ணில்லாத நாய்கள் திரிகின்றனவாம். அவற்றுக்குக் காது மட்டும்தான். இவன் இங்கே மைக்கில் பேசினால் அதுவும் அந்த நாய்க்குக் கேட்குமாம். நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்துக்கே பயந்துபோய்க் கையைக் காட்டினான்.

எனக்கு அப்பா நெல்லுச் சூடு மிதிக்கிற களம், அந்தக் களவெட்டி கண்ணுக்குள் வந்தது, ரஞ்சி. சூடு மிதிக்கிற இரவில் நானும் தம்பியும் சாப்பாடு கொண்டு போனால் வரம்பிலேயே நிற்கச் சொல்லுவார். பகலில் ஊரெல்லாம் கேட்கப் பேசுகிற மனிசன், அங்கே குரலை இறக்கி இரண்டு சொல்தான் பேசுவார். நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, அது 'பொலி'. மாட்டுக்கு, சுளகுக்கு, கூடைக்கு எல்லாம் களவெட்டிக்குள் வேறு பெயர். பூதம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருக்கும், என்ன விளைந்தது என்று அதற்கு விளங்கினால் வாரிக்கொண்டு போய்விடும். உழைத்தவன் உழைத்ததன் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு பயம். அதே பயத்தை என் மகனின் பொத்திய வாயில் கண்டேன்.

ஆனால் உன் மகன் கேட்டது கம்பனியைப் பற்றி. அது இரண்டாம் இரவுதான் எனக்குப் பிடிபட்டது.

பொறுக்கியதை விற்கப் போகிற இடத்துக்குக் கோர்டியன் என்று பெயர். அதுவே ஒரு பழங்கதைப் பெயர். இன்றைய துருக்கியில் இருந்த பழைய பிரீஜியா நாட்டின் தலைநகரம் அது. யாராலும் அவிழ்க்க முடியாமல் அலெக்சாந்தர் வாளால் வெட்டிய முடிச்சு அங்கேதான் இருந்தது என்பார்கள். தொட்டதெல்லாம் பொன்னாகி, சோறும் பொன்னாகிப் பட்டினி கிடந்த மைதாஸ் ராசாவின் நாடும் அதுதான். இந்த விளையாட்டிலும் ஒரு பொன் கிரகம் வருகிறது. முன்னால் அந்தக் கப்பலில் வேலை செய்தவர்கள் விட்டுப்போன குறிப்புகளில், பொன் கிரகத்தை ஒரு பெரிய மிருகம் விழுங்கிய கதையைப் பேசிக்கொள்கிறார்கள்.

கோர்டியனில் மழைக்குள் ஒரு நீளச் சுவர். சுவரில் ஒரு சின்ன யன்னல், முன்னால் ஒரு மேசை, மேசையில் ஒரு மணி. சாமானை வைத்து மணியை அடித்தால் உள்ளே இருந்து ஏதோ ஒன்று இழுத்துக்கொள்கிறது. மொழி இல்லை, முகம் இல்லை. பொறுமை இல்லாமல் மணியை அடித்துக்கொண்டே இருந்தால் அந்த ஓட்டையால் ஒரு கை மாதிரி ஒன்று நீண்டு வந்து அடித்தவனையே இழுத்துப் போகும். தவணை முடிகிற நாளுக்கு முன்னம் விற்றால் விலை குறைவு. ஆள் செத்தால் தண்டம், பிரேதத்தைக் கப்பலுக்கு இழுத்து வராவிட்டால் இன்னும் கூடத் தண்டம். "டேய், அவன்ட பிரேதத்த எடுத்துட்டு வா, தண்டம் குறையும்" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை சாதாரணமாகச் சொல்கிறது. கேட்க நெஞ்சு அடைத்தது.

நான் உடுப்புத் தைக்கிற காமன்ட்ஸில் ஏழு வருசம் இருந்தது உனக்குத் தெரியும். நான் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. எங்கள் லைனுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பலகை. சேர்ந்த மாதம் அதில் மணித்தியாலத்துக்கு 40 சட்டைக் கொலர் தைக்க வேண்டும் என்று நீல மையால் எழுதியிருந்தது. ஊசி உடைந்தால் துண்டு துண்டாகத் தேடிப் பொறுக்கித் தாளில் ஒட்டிக் கொடுத்தால்தான் புது ஊசி. அந்த நேரமும் நம்மட கணக்கில்தான். ஒரு நாள் 40 வந்தது. நாங்கள் கைதட்டினோம். சுப்பர்வைசர் பிள்ளையும் சிரித்துக்கொண்டே வந்து, உள்ளங்கையின் ஓரத்தால் அந்த 40ஐத் துடைத்துவிட்டு 45 என்று எழுதினாள். அவள் கையில் நீல மை அப்பியிருந்தது. அவளுக்கும் மேலே இருந்து ஒரு ஆள் சொல்லியிருப்பான், அவனுக்கு மேலே இன்னொரு ஆள். அந்த யன்னலுக்குள் யார் இருந்தது என்று ஏழு வருசத்தில் நான் காணவில்லை.

இனி உன் மகனுக்குச் சொல்ல வேண்டிய கதை. அம்மம்மா சொன்னதை நீயும் என் பக்கத்தில் படுத்துக் கேட்டாய். ஒரு போடியாருக்கு, பெரிய வயற்காரருக்கு, மந்திரவாதி ஒரு பூதத்தைக் கட்டிக் கொடுத்தான். என்ன வேலை சொன்னாலும் செய்யும், ஆனால் வேலை இல்லாமல் ஒரு நொடி இருந்தாலும் எசமானையே தின்றுவிடும். குளம் கட்டச் சொன்னார், கட்டியது. காடு வெட்டச் சொன்னார், வெட்டியது. சொல்ல வேலை முடிந்து போடியார் நடுங்க, பெண்சாதி வந்து வளவில் படுத்திருந்த நாயைக் காட்டி, இந்த வாலை நிமிர்த்து என்றாள். பூதம் நிமிர்த்தும், விட்டால் சுருளும். இன்றைக்கும் நிமிர்த்திக்கொண்டு இருக்கிறது என்று சொல்லி அம்மம்மா விளக்கைக் குறைப்பா.

அந்த விளையாட்டில் இந்தக் கதை தலைகீழாகி நிற்கிறது. வேலை செய்து சாகிறவன் மனிசன், ஓயாமல் வேலை கேட்கிறதும் தின்கிறதும் பூதம். நாய் வால் நம்மட கையில். 130 நிமிர்ந்தால் அடுத்தது சுருளும். அதற்கு முடிவே இல்லை என்று சின்னவனும் சொன்னான், எவ்வளவு கெட்டிக்காரன் விளையாடினாலும் ஒரு தவணையில் தோற்றுத்தான் ஆக வேண்டுமாம்.

பகாசுரனையும் சொல்லு. ஏகசக்கரத்தில் வீட்டுக்கு வீடு முறை வைத்து, ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமைக்கடா, அதை ஓட்டிப் போகிற ஆள் என்று எல்லாம் அவனுக்கு. முறை வைத்ததும் கணக்கு வைத்ததும் ஊர்ச்சனம்தான், அசுரன் வெறுமனே வாயைத் திறந்து இருந்தான். வருசா வருசம் நம்மட திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாளும் பாரதக் கதையோடு கிடக்கிற ஊர் இது, அதனால் நமக்குப் பீமன் வருவான் என்று தெரியும். பொடியன்களின் கப்பலுக்குப் பீமன் இல்லை. அதுதான் அந்த விளையாட்டை என்னால் மறக்க ஏலாமல் இருக்கிறது. செய்தவன் நம்மட கதை ஒன்றும் கேட்டிருக்க மாட்டான், ஆனாலும் எந்த ஊரில் வேலை செய்தவனுக்கும் இந்தப் பூதம் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் இரவு சின்னவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அம்மா, உங்கட கம்பனியில 45 வந்தப்புறம் என்ன எழுதினாங்க?" என்று கேட்டான். 48 என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுகா போய் என் கோப்பையைக் கழுவி வைத்தான்.

உன் மகன் நாய் வால் கதைக்கு என்ன சொன்னான் என்று கட்டாயம் எழுது, அவனுடைய சொல்லிலேயே எழுது. அம்மாவுக்கு முழங்காலுக்குப் பூச நீ முன்னம் அனுப்பிய களிம்பு முடிந்துவிட்டது, வரும்போது இரண்டு எடுத்து வா. இவரும் பிள்ளைகளும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன்
மலர்